விக்டோரியா இன்ஸ்டிடியூஷனின் வரலாறு: தம்புசாமிப் பிள்ளை முதல் முருகேசு வரை

கோலாலம்பூரில் உள்ள விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் (சுருக்கமாக வி.ஐ.) என்ற பள்ளியை நிறுவியவர் தம்புசாமிப் பிள்ளைதானா, அதன் தலைமையாசிரியர்களுள் நினைவில் வைக்க வேண்டியவர்கள் யார், நம்மவர் ஒருவர் அந்த நாற்காலியில் அமர எழுபது ஆண்டுகள் ஏன் ஆயின என்று அன்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். மூன்று கேள்விகளும் ஒன்றோடொன்று பின்னியவை என்பதால் சேர்த்தே பதில் சொல்கிறேன். பள்ளி வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தலைமையாசிரியர்களின் பெயர்களை வரிசையாக அடுக்கி, ஒவ்வொருவருக்கும் இரண்டு வரிப் புகழுரை சேர்த்து முடித்துவிடுகிறார்கள். அந்த மனிதரைத் தேர்ந்தெடுத்தவர்கள் யார், அவருடைய சம்பளம் எந்தப் பணத்திலிருந்து வந்தது, அவர் எவ்வளவு காலம் அங்கே இருக்க முடிந்தது என்ற மூன்றையும் கேட்டுப் பார்த்தால்தான் வி.ஐ. போன்ற ஒரு பள்ளி எப்படி உருவானது, எப்படி மாறியது என்பது விளங்கும்.

முதல் கேள்விக்கு நேரான பதில்: அவர் மட்டும் நிறுவவில்லை, ஆனால் அவர் இல்லாமல் அது நிறுவப்படவும் இல்லை. 1887-ஆம் ஆண்டு விக்டோரியா மகாராணியின் பொன்விழாவுக்காகச் சிலாங்கூரில் பொதுமக்களிடம் திரட்டிய பணத்தில் ஒரு பகுதி செலவாகாமல் மீந்திருந்தது. அந்தப் பணத்தை ஓர் ஆங்கிலப் பள்ளிக்கு அடித்தளமாக வைக்கலாம் என்ற யோசனை, சிலாங்கூரின் ரெசிடெண்டாக, அதாவது பிரிட்டிஷ் அரசின் ஆட்சிப் பிரதிநிதியாக, இருந்த வில்லியம் ஹூட் டிரீச்சரின் காலத்தில் வடிவம் பெற்றது. மீந்த பணம் மட்டும் போதாது என்பதால் நகரத்துப் பெரும்புள்ளிகள் முன்வந்தார்கள். சீனர்களின் கப்பித்தானாகிய (அரசு ஏற்ற சமூகத் தலைவராகிய) யாப் குவான் செங், ஈயச் சுரங்க முதலாளி லோக் இயூ, தமிழர்களின் தலைவராக மதிக்கப்பட்ட தம்புசாமிப் பிள்ளை ஆகிய மூவரும் பணம் கொடுத்ததோடு, பள்ளியின் அறங்காவலர்களாகவும் பொறுப்பேற்றார்கள். 1893 ஆகஸ்டு 14 அன்று டிரீச்சரின் மனைவி அடிக்கல் நாட்டினார். 1894 ஜூலை 30 அன்று வகுப்புகள் தொடங்கின.

அன்றைய கோலாலம்பூரை நினைத்துப் பார்த்தால் இந்த மூவருக்கும் இதில் என்ன அக்கறை என்பது புரியும். சிலாங்கூரின் நிர்வாகத் தலைநகரம் கிள்ளானிலிருந்து இங்கே மாற்றப்பட்டது 1880-இல்தான். அரசாங்க அலுவலகங்கள், இரயில்வே, கருவூலம், சுரங்க அலுவலகம் என்று எல்லாம் ஒரே நேரத்தில் பெருகியபோது, ஆங்கிலத்தில் கணக்கும் கடிதமும் எழுதத் தெரிந்தவர்கள் இலங்கையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வர வேண்டியிருந்தது. இங்கேயே பிறந்து வளரும் பிள்ளைகளுக்கு அந்த வேலைகள் கிடைக்க வேண்டுமானால் இங்கேயே ஒரு நல்ல ஆங்கிலப் பள்ளி வேண்டும் என்பது வணிகர்களுக்கும் தெரிந்திருந்தது, ஆட்சியாளர்களுக்கும் தெரிந்திருந்தது. ஒரு தரப்பின் பெருந்தன்மையைவிட இரு தரப்பின் தேவையே இந்தப் பள்ளியை எழுப்பியது என்பது என் கருத்து. அப்படிச் சொல்வதனால் கொடுத்தவர்களின் மதிப்பு குறைந்துவிடாது.

தம்புசாமிப் பிள்ளையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1850-இல் சிங்கப்பூரில் பிறந்து, ராஃபிள்ஸ் இன்ஸ்டிடியூஷனில் படித்து, ஜேம்ஸ் கத்ரி டேவிட்சன் என்ற வழக்கறிஞரிடம் எழுத்தராகச் சேர்ந்தவர் அவர். டேவிட்சன் சிலாங்கூரின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக 1875-இல் அமர்ந்தபோது, உடன் வந்தவர்களுள் தம்புசாமியும் ஒருவர். கருவூலத்தில் படிப்படியாக உயர்ந்து, சில வேளைகளில் மாநிலப் பொருளாளரின் பொறுப்பையும் கவனித்தார். பிறகு அரசுப் பணியை விட்டுத் தொழிலில் இறங்கி, ரவாங்கில் லோக் இயூவோடு கூட்டாக ஈயச் சுரங்கம் நடத்தினார். மலாயாவில் மின்சாரம் முதன்முதலில் சுரங்க வேலைக்குப் பயன்பட்ட இடமாக ரவாங் பேசப்படுவது இந்தக் கூட்டுத் தொழிலால்தான். ஆகவே பள்ளிக்காக ஒன்றுகூடிய இந்த இருவரும் அதற்கு முன்பே தொழிலில் ஒருவரையொருவர் நன்கு அறிந்தவர்கள். இனங்களுக்கிடையிலான ஒற்றுமைக்கு அடையாளமாக இதைக் காட்டுவதில் தவறில்லை. ஆனால் அந்த ஒற்றுமை சுரங்கத்திலும் கணக்குப் புத்தகத்திலும் ஏற்கெனவே பழகிப்போன ஒன்று என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் படம் முழுமையாகும்.

தமிழர்களுக்கு அவரை நெருக்கமாக்குவது ஸ்ரீ மகாமாரியம்மன் கோயில். பத்துமலையில் முருகன் வழிபாடு தொடங்கியதும், 1892 முதல் அங்கே தைப்பூசம் நடந்துவருவதும் அவருடைய முயற்சியோடு இணைத்தே பேசப்படுகின்றன. இன்று ஜாலான் துன் எச்.எஸ். லீ என்று வழங்கும் பழைய ஹை ஸ்திரீட்டில்தான் அந்தக் கோயில் நிற்கிறது. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் புறப்படுவதும் அங்கிருந்துதான். விக்டோரியா இன்ஸ்டிடியூஷனின் முதல் கட்டடம் எழுந்ததும் அதே வீதியில். தாம் பேணி வளர்த்த கோயில் இருக்கும் தெருவிலேயே, எல்லா இனத்துப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் ஆங்கிலப் பள்ளிக்கும் அவர் துணை நின்றார். ஒன்று மற்றொன்றுக்கு இடையூறாகும் என்று அவர் நினைக்கவில்லை. வி.ஐ.யின் விளையாட்டு இல்லங்களுள் ஒன்று இன்றும் தம்புசாமி இல்லம் என்றே அழைக்கப்படுகிறது. டிரீச்சர், லோக் இயூ, யாப் குவான் செங் ஆகியோர் பெயரிலும் இல்லங்கள் உண்டு.

இதில் நம்மவர்களிடையே இரண்டு விதமான மிகைகள் உலவுகின்றன. இரண்டையும் கேட்டு வருத்தப்பட்டிருக்கிறேன். மேடையில் பேசும்போது 'வி.ஐ.யைக் கட்டியவரே ஒரு தமிழர்' என்பது ஒன்று. 'எல்லாம் வெள்ளைக்காரன் போட்ட பள்ளி, நம்மவர் பெயருக்கு ஒரு நன்கொடை கொடுத்தார்' என்பது மற்றொன்று. அறங்காவலர் குழுவில் மூன்று ஆசியர்கள் இருந்து, அவர்களுள் ஒருவர் தமிழர் என்பதே உண்மை. அந்த உண்மை எந்த மிகையையும்விடப் பெருமைக்குரியது. பள்ளியின் பண விவகாரத்திலும் நிர்வாகத்திலும் சொல்லும் உரிமையோடு அவர் உட்கார்ந்திருந்தார் என்பதுதானே முக்கியம்?

இனித் தலைமையாசிரியர்களுக்கு வருவோம். முதல்வர் பென்னட் அயர் ஷா. பள்ளி திறந்த 1894-இல் பொறுப்பேற்றவர், 1922 வரை இருபத்தெட்டு ஆண்டுகள் அதே பள்ளியில் அதே பதவியில் இருந்தார். இன்றைக்கு ஒரு பள்ளி முதல்வர் ஐந்து ஆண்டுகள் நிலைத்தாலே நீண்ட காலம் என்கிறோம். ஷாவால் அவ்வளவு காலம் இருக்க முடிந்ததற்குக் காரணம், அவர் அரசாங்கக் கல்வித்துறை விருப்பம்போல் இடமாற்றும் அதிகாரியாக வரவில்லை. ஒரு குறிப்பிட்ட பள்ளிக்காக அறங்காவலர்கள் அமர்த்திய தலைமையாசிரியராக வந்தார். அரசாங்க மானியம் கிடைத்தாலும் பள்ளி அறங்காவலர்களுடையதாகவே இருந்தது. தம்புசாமிப் பிள்ளையும் யாப் குவான் செங்கும் 1902-இல் மறைந்தார்கள். லோக் இயூ 1917-இல் மறைந்தார். நிறுவியவர்கள் மூவரும் போன பிறகும் ஷா இருந்தார். அவர்கள் மனதில் இருந்த பள்ளி எது என்பதை அடுத்த தலைமுறைக்குத் தெரியப்படுத்தக் கூடியவராக அவர் ஒருவரே எஞ்சினார்.

ஷாவின் காலத்தில் படித்தவர்களின் பிள்ளைகளும் அவரிடமே படித்தார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். எழுத்தர்கள், ஆசிரியர்கள், இரயில்வே அதிகாரிகள், பிறகு வழக்கறிஞர்கள், மருத்துவர்கள் என்று கோலாலம்பூரின் ஆங்கிலம் படித்த வகுப்பு முழுவதும் அவர் கண் முன்னே உருவாயிற்று. அவருக்குப் பக்கபலமாக நீண்ட காலம் இருந்த ஹெப்பன்ஸ்டால் என்ற ஆசிரியரின் பெயரிலும் ஓர் இல்லம் உண்டு. தலைமையாசிரியரல்லாத ஒருவருக்கு அந்த மரியாதை கிடைத்திருப்பதைப் பள்ளி வரலாறு எழுதுவோர் கவனிக்க வேண்டும். புதிய பள்ளி எழுந்த குன்றையொட்டிய சாலைக்கு ஷா ரோடு என்று பெயர் வைத்தார்கள். பிற்காலத்தில் அது ஜாலான் ஹங் துவா ஆயிற்று.

அடுத்து 1923-இல் வந்த ரிச்சர்ட் சிட்னி வேறு வார்ப்பு. நெடுங்காலம் ஒருவரே நடத்திய பள்ளிக்குள் நுழைகிறவருக்கு இரண்டு வழிகள்தான் உண்டு: முன்னவர் நடந்த தடத்திலேயே நடப்பது, அல்லது சன்னல்களையெல்லாம் திறந்துவிடுவது. சிட்னி இரண்டாவது வழியைத் தேர்ந்தார். பள்ளியின் ஆண்டிதழான 'தி விக்டோரியன்' அவர் வந்த 1923-இலேயே தொடங்கியது. ஷேக்ஸ்பியர் நாடகங்களை மாணவர்களைக் கொண்டு மேடையேற்றினார். மலாயாவைப் பற்றி இரண்டு நூல்களும் எழுதினார். அவர் இருந்தது சில ஆண்டுகளே என்றாலும், வி.ஐ. தன் வரலாற்றைத் தானே எழுதிவைக்கும் பழக்கம் பெற்றது அவரால்தான். இன்று யாராவது அந்தப் பள்ளியைப் பற்றி ஆண்டு வாரியாக எழுத முடிகிறதென்றால் அந்த இதழ்தான் ஆதாரம். என்னைக் கேட்டால், ஒரு தலைமையாசிரியர் விட்டுச்செல்லக்கூடியவற்றுள் ஒழுங்காக வெளிவரும் ஆண்டிதழுக்கு நிகரானது அதிகம் இல்லை. தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் நூறாண்டு வரலாறு இன்று வாய்மொழியாக மட்டும் தொங்கிக்கொண்டிருப்பதற்கு இது இல்லாமல் போனதே காரணம்.

1920களில் அறங்காவலர்களின் பள்ளி அரசாங்கப் பள்ளியாக மாறியது. ஹை ஸ்திரீட் வளாகம் கிள்ளான் ஆற்றோரம் தாழ்வான இடத்தில் இருந்ததால் வெள்ளம் வரும்போதெல்லாம் தொல்லை. மாணவர் தொகையும் இடத்துக்கு அடங்கவில்லை. பெட்டாலிங் குன்றின்மீது அரசாங்கச் செலவில் எழுப்பிய புதிய கட்டடத்தை 1929 மார்ச் 26 அன்று பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹியூ கிளிஃபர்டு திறந்துவைத்தார். மணிக்கூண்டோடு வெள்ளையாக நிற்கும் அந்தக் கட்டடத்தைத்தான் இன்று ஹங் துவா பக்கம் போகிறவர்கள் பார்க்கிறார்கள். தொடக்க வகுப்புகள் பத்து ரோடு பள்ளிக்கும் பாசார் ரோடு பள்ளிக்கும் போயின. அங்கே படித்துத் தேறியவர்கள் வி.ஐ.க்கு வந்தார்கள். இந்த ஏற்பாட்டுக்குப் பிறகு தலைமையாசிரியரின் வேலையே வேறாகிவிட்டது. அகரம் தொடங்கும் சிறுவன் முதல் கேம்பிரிட்ஜ் தேர்வு எழுதும் இளைஞன் வரை ஒரே கூரையின்கீழ் வைத்து வளர்த்தவர் ஷா. 1929-க்குப் பின் வந்தவர்கள் பொறுக்கி எடுத்த மாணவர்களைப் பெற்று மேற்படிப்புக்குத் தயார்செய்தவர்கள். 'வி.ஐ. பையன்' என்றால் கெட்டிக்காரன் என்ற பேச்சு ஊரில் வேரூன்றியதற்கு இந்தப் பொறுக்கெடுப்பும் ஒரு காரணம் என்பதை மறக்கக்கூடாது.

பினாங்கு ஃப்ரீ ஸ்கூலோடு ஒப்பிட்டால் இந்த மாற்றம் இன்னும் தெளிவாகும். 1816-இல் ஹட்சிங்ஸ் பாதிரியார் தொடங்கிய அந்தப் பள்ளி வி.ஐ.க்கு முக்கால் நூற்றாண்டு மூத்தது. அங்கேயும் ஹார்கிரீவ்ஸ் 1891 முதல் 1904 வரையிலும், அவருக்குப் பின் பின்ஹார்ன் இருபது ஆண்டுகளுக்கு மேலும் தலைமையாசிரியர்களாக இருந்தார்கள். பிற்காலத்தில் மஞ்சூரியாவில் கொள்ளைநோயை அடக்கிய மருத்துவர் வு லியன் தே, ஹார்கிரீவ்ஸிடம் படித்து 1896-இல் இங்கிலாந்தில் மேற்படிப்புக்கான ராணி உபகாரச் சம்பளம் பெற்றவர். அந்தப் பள்ளியும் நெருக்கடியான ஃபார்குவார் ஸ்திரீட்டை விட்டுக் கிரீன் லேனுக்குப் போனது 1928-இல்தான். நீண்ட காலத் தலைமை, 1920களில் அது முடிவுறுதல், புறநகரில் பெரிய கட்டடம் என்று இரண்டு ஊர்களிலும் ஒரே போக்கு. ஈயமும் ரப்பரும் தந்த வருவாயில் அரசாங்கம் கல்வியைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்ட காலம் அது. தனியொரு தலைமையாசிரியரின் முத்திரை மங்கி, கல்வித்துறையின் முத்திரை அழுந்தத் தொடங்கியது அப்போதுதான்.

அந்தக் கட்டுக்குள்ளும் தனித்துத் தெரிந்தவர் ஃபிரடெரிக் டேனியல். அறிவியல் ஆசிரியராக வந்து, மலாயாவின் ஆங்கிலப் பள்ளிகளில் அறிவியல் பாடம் முறையாகக் காலூன்ற உழைத்தவர். குளிர்நாட்டுச் செடிகொடிகளையும் பருவங்களையும் காட்டும் சீமைப் பாடப்புத்தகம் இங்குள்ள பிள்ளைகளுக்குப் பொருந்தாது என்று உணர்ந்து, வெப்பநாட்டுப் பள்ளிகளுக்கென்றே பொது அறிவியல் நூல் எழுதினார். ஒரு தலைமுறை மாணவர்கள் பள்ளி வேறுபாடின்றி அவருடைய புத்தகத்தைப் படித்தார்கள். போருக்குப் பிறகு அவரே தலைமையாசிரியராகவும் ஆனார். போர்க்காலத்தில் ஜப்பானிய இராணுவம் எடுத்துக்கொண்ட அந்தக் கட்டடத்தில்தான், 1945 செப்டம்பர் 13 அன்று ஜப்பானியப் படைத்தளபதி சரணடையும் பத்திரத்தில் கையெழுத்திட்டார். ஆய்வுக்கூடங்களும் நூலகமும் பட்ட சேதத்துக்குப் பிறகு பள்ளியை மறுபடி நிமிர்த்தும் வேலை, அந்த ஆய்வுக்கூடங்களை அறிந்த ஒருவரிடம் போனது நல்லதாயிற்று.

சுதந்திரத்தை ஒட்டிய காலத்தில் டாக்டர் ஜி.இ.டி. லூயிஸ் 1956 முதல் 1962 வரை தலைமையேற்றார். வேல்ஸ்காரர், போருக்கு முன்பே இங்கே ஆசிரியராக இருந்தவர். பள்ளிக்கு அருகிலேயே மெர்டேக்கா அரங்கம் எழும்பி 1957-இல் சுதந்திரம் அறிவிக்கப்பட்டபோது, வி.ஐ.யின் மாணவர்கள் அந்த அரங்கத்தின் அண்டை வீட்டார். ஆறாம் படிவம் என்னும் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு வலுப்பெற்று, பல்கலைக்கழகத்துக்குப் போகும் மாணவர்கள் இந்தப் பள்ளியிலிருந்து அணியணியாகக் கிளம்பிய காலம் அவருடையது. ஆறாம் படிவத்தில் மாணவிகளும் படித்தார்கள். புரூணையின் இன்றைய சுல்தான் 1960களின் தொடக்கத்தில் இங்கே படித்தார். பழைய மாணவர்கள் பேச்சில் பொற்காலம் என்றால் பெரும்பாலும் லூயிஸ் காலத்தைத்தான் குறிப்பிடுகிறார்கள். அந்தப் பாராட்டில் அவருடைய கண்டிப்புக்கும் நிர்வாகத் திறமைக்கும் உரிய பங்கு உண்டு. புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாட்டில் படித்தவனுக்கெல்லாம் கதவு திறந்திருந்த காலம் அது என்பதற்கும் பங்கு உண்டு.

அவருக்குப் பின் பேக்கர் சிறிது காலம் இருந்தார். அடுத்து 1960களின் நடுவில் வி. முருகேசு தலைமையாசிரியரானார், அந்தப் பதவிக்கு வந்த முதல் ஆசியர் அவரே. பினாங்கு ஃப்ரீ ஸ்கூலிலும் டான் பூன் லின் முதல் ஆசியத் தலைமையாசிரியராக வந்தது 1963-இல். ஏன் இவ்வளவு தாமதம் என்ற கேள்விக்கு இங்கேதான் பதில். காலனித்துவக் கல்வித்துறையில் ஐரோப்பிய அதிகாரிகளுக்கு ஒரு வரிசை, உள்ளூர் ஆசிரியர்களுக்கு வேறொரு வரிசை இருந்தது. சம்பளமும் பதவி உயர்வும் அந்த வரிசைப்படியே நடந்தன. பெரிய அரசாங்கப் பள்ளிகளின் தலைமை முதல் வரிசைக்கு உரியது. உள்ளூர் ஆசிரியர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் பெரும்பாலும் மூத்த ஆசிரியராகவே ஓய்வு பெற்றார். 'பட்டதாரிகள் இல்லை' என்ற காரணம் சொல்லப்பட்டது. சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் கல்லூரி 1928-இல்தான் தொடங்கியது, மலாயாப் பல்கலைக்கழகம் 1949-இல்தான் வந்தது என்னும்போது பட்டதாரிகள் எங்கிருந்து வருவார்கள்? வாய்ப்பை அடைத்துவைத்துத் தகுதி இல்லை என்பது நியாயமாகாது. 1957-க்குப் பின் அரசுப் பணிகளில் வெளிநாட்டினர் இடத்தில் நம் நாட்டவரை அமர்த்தும் கொள்கை வந்த பிறகே அந்தக் கதவு திறந்தது. எனவே முருகேசுவின் நியமனத்தை ஒரு தனிமனிதரின் வெற்றியாக மட்டும் எழுதாமல், அவருக்கு முன் அந்தத் தகுதியோடு இருந்தும் அழைக்கப்படாதவர்களையும் சேர்த்து நினைத்து எழுத வேண்டும். பின்னர் 1970களில் விக்டர் கோபாலும் அப்பதவியில் இருந்தார்.

1970-இல் ஆங்கிலப் பள்ளிகளின் முதலாம் ஆண்டில் தொடங்கிய மலாய்மொழிக் கல்வி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி, 1982 வாக்கில் ஆறாம் படிவத்தை எட்டியது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் தலைமையேற்றவர்கள் ஒரே பள்ளிக்குள் இரண்டு மொழிகளில் வகுப்பு நடத்த வேண்டியிருந்தது. புகழ் கிடைக்காத கடினமான வேலை அது. அதன்பின் முதல்வர்களின் காலம் குறுகிக்கொண்டே வந்ததற்குக் காரணம் எளியது. பணிமூப்பு அடிப்படையில் உயர்ந்து ஒருவர் இத்தகைய பெரிய பள்ளிக்கு முதல்வராக வரும்போது, ஓய்வு வயது நெருங்கியிருக்கும். வந்து பள்ளியைப் புரிந்துகொள்ளும் நேரத்தில் விடைபெறும் விருந்துக்கு ஏற்பாடு நடக்கும். இதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஷாவோடு அவர்களை ஒப்பிடுவது மட்டும் பொருந்தாது.

தமிழ் மாணவர்களைப் பற்றியும் ஒரு சொல். பிரிக்பீல்ட்ஸின் அரசாங்கக் குடியிருப்புகளில் வாழ்ந்த இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் வீட்டுப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக வி.ஐ.யில் படித்தார்கள். விவேகானந்தா தமிழ்ப்பள்ளியில் தொடங்கி வி.ஐ.க்கு வந்து, பின்பு மெல்பர்னிலும் ஹார்வர்டிலும் படித்த தொழிலதிபர் ஆனந்த கிருஷ்ணன் இதற்கு நன்கறிந்த உதாரணம். தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கோ அந்த வழி அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. ஆங்கிலப் பள்ளியின் கட்டணமும் தூரமும் மொழியும் குறுக்கே நின்றன. ஆகவே வி.ஐ.யின் தமிழ் மாணவர் வரலாறு என்பது பெரும்பாலும் நகரத்து அரசு ஊழியர் குடும்பங்களின் வரலாறுதான்.

ஹை ஸ்திரீட்டின் பழைய கட்டடத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஜாலான் துன் எச்.எஸ். லீயில் உள்ள தாமான் பூடாயா என்ற பண்பாட்டு வளாகத்துக்குப் போகலாம். கேள்வி கேட்ட அன்பர் ஒரு சிறப்பு மலருக்காகக் கட்டுரை எழுதுவதாகச் சொல்லியிருப்பதால், தம்புசாமிப் பிள்ளையைக் குறிப்பிடும் இடத்தில் 'நிறுவனர்' என்பதற்குப் பதிலாக 'நிறுவிய ஆசிய அறங்காவலர் மூவருள் ஒருவர்' என்று எழுதும்படியும், மற்ற இருவர் பெயரையும் அதே வரியில் சேர்க்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.